தறிக்குழியும் சுண்டெலியும்

எங்கள் தேவிகாபுரத்தில் வீடு வேறு, தறி வேறு என்று பிரிக்க முடியாது. பெரியநாயகி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முன்கூடத்தில் குழித்தறி இருக்கும். அதை ஒட்டிச் சமையல், மேலே பரண், பரணில் மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டை, தறிக்குப் பக்கத்தில் குழந்தையின் தூளி. ஆரணிப் பட்டு என்று கடைகளில் விற்கும் சேலைகளில் பல இப்படிப்பட்ட வீடுகளில் நெய்தவைதான். அதனால் எலித் தொல்லை எங்களுக்குச் சமையலறையோடு போகிற விஷயம் இல்லை. ஒரு சுண்டெலி ஒரே ஒரு ராத்திரி பாவில், அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் இழைகளில், புகுந்தால் போதும், அந்த மாசக் கூலியில் கை வைத்துவிடும்.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து முதலில் ராட்டையில் தார் சுற்றினேன், ஊடை நூலைக் குழலில் ஏற்றும் வேலை அது. பிறகுதான் தறியில் இறங்கினேன். நெசவைக் கற்றுக்கொடுத்த என் மாமியாரே எலியைப் பற்றியும் கற்றுக்கொடுத்தார். தறியைக் காப்பதும் நெசவில் ஒரு பாகம் என்பது அவர் கணக்கு. தறி நிறுத்தும் நேரத்தில் அவர் சொல்லும் முதல் வார்த்தை, "குழியப் பாத்தியா கண்ணு?" என்பதுதான்.

எலி ஏன் தறிக்கு வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பலரும் பட்டைத் தின்ன வருகிறது என்று நினைக்கிறார்கள். அது சரியில்லை. கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைக்கும்போது அதன் மேலிருக்கும் பிசின் கழன்று எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும். அதன் பிறகு சாயமேறி வருகிற நூலில் எலிக்குத் தின்ன எதுவும் இல்லை. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? அந்த நூலைத் தெருவில் பாவாக நீட்டி அரிசிக் கஞ்சி போடுகிறோம். இழை விறைப்பாக நிற்க, சீப்பு மாதிரி இருக்கும் அச்சில் உரசிப் பிசிறு கிளம்பாமல் இருக்க, கஞ்சி இல்லாமல் முடியாது. அந்தக் கஞ்சி வாசனைதான் அழைப்பு. தறிப் பலகையில் உட்கார்ந்தபடியே தின்ற மிக்சர், முறுக்குத் துணுக்கு குழிக்குள் விழுந்து கிடக்கும். அது இரண்டாவது. இருட்டும் கதகதப்பும் ஆள் நடமாட்டமில்லாத இரவுமாகக் குழி கிடப்பது மூன்றாவது. பட்டு அதற்குக் கடைசியாகத்தான் தேவைப்படுகிறது, குட்டி போட மெத்தை கட்டுவதற்கு. அதற்கு அதைவிட நல்ல சாமான் உலகத்தில் இல்லை.

வருவது யார் என்பதையும் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் எலி என்று ஒரே பேரில் சொல்லிவிட்டால் வைத்தியம் தப்பாகப் போகும். எங்கள் வீடுகளில் பெரும்பாலும் வருவது சுண்டெலி. இருபது கிராம்கூடத் தேறாது. ஒரு பென்சில் நுழையும் சந்து இருந்தால் உள்ளே வந்துவிடும். அடுத்தது ஓட்டுச் சரிவிலும் பரணிலும் ஓடும் வீட்டெலி. நீள வால்காரன், உயரத்தில் இருப்பவன். மூன்றாவது சாக்கடைப் பக்கம் வளை தோண்டும் பெருச்சாளி. அது குழிச்சுவரைக் குடைந்து மண்ணைத் தள்ளும். நான்காவதாக ஒன்று உண்டு, மூஞ்சூறு. நீண்ட மூக்கோடு, சுவர் ஓரமாகக் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டே ஓடும். கிட்டே போனால் ஒரு மாதிரிக் கவிச்சி அடிக்கும். அது எலி இனமே இல்லை. அதன் தீனி கரப்பானும் பூச்சியும் புழுவும். பாவில் அதற்கு வேலையே கிடையாது. கஞ்சியை நக்க வரும் கரப்பானைத் தின்று நமக்கு உதவி செய்யும் பிராணி அது. மூஞ்சூறை அடிக்கக் கை ஓங்கினால் என் மாமியார் சண்டைக்கு வந்துவிடுவார்.

அடையாளம் காண்பதற்குப் புழுக்கைதான் முதல் சாட்சி. சுண்டெலிப் புழுக்கை அரிசிக் குருணை அளவு, மூன்றிலிருந்து ஆறு மில்லிமீட்டர், இரண்டு முனையும் கூராக இருக்கும். ஒரு எலி ஒரு நாளைக்கு ஐம்பதுக்கு மேல் போடும் என்பதால், நிறையப் புழுக்கையைப் பார்த்ததும் பெரிய கூட்டம் என்று பயப்பட வேண்டாம். வீட்டெலியின் புழுக்கை அதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிது. பல்லி எச்சத்தின் ஒரு முனையில் வெள்ளையாக இருக்கும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. புதிய புழுக்கை பளபளப்பாக, மெத்தென்று இருக்கும். பழையது உலர்ந்து குச்சியால் அழுத்தினால் பொடியாகும். பழையதை மட்டும் பார்த்துவிட்டுப் பொறி வாங்க ஓட வேண்டியதில்லை.

அடுத்த சாட்சி தடம். எலி தினமும் ஒரே வழியில்தான் போகும், சுவரில் உடம்பை உரசிக்கொண்டே. போகப் போக அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு போலக் கறுப்புப் படியும். தறிக்காலின் அடியிலும் பரண் சட்டத்திலும் டார்ச் விளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் தெரியும். நேராக மேலிருந்து அடித்தால் எதுவும் தெரியாது. சந்தேகமாக இருந்தால் ராத்திரி அடுப்புச் சாம்பலைச் சலித்து அந்த வழியில் மெல்லிசாகத் தூவிவிட வேண்டும். காலையில் கால் தடமும் வால் இழுத்த கோடும் பதிந்திருக்கும். பச்சரிசிக் கோலமாவைத் தூவக் கூடாது, அது நாமே விருந்து வைப்பதாகிவிடும். சுவரில் ஒரு ஓட்டை எலி வழியா, வெறும் ஓட்டையா என்று தெரிய வேண்டுமானால் செய்தித்தாளைக் கசக்கி லேசாக அடைத்து வையுங்கள். காலையில் தாள் வெளியே கிடந்தால் உள்ளே குடியிருப்பு உண்டு.

நெசவுக்காரர்களுக்கு மட்டும் தெரிய வேண்டிய இன்னொரு அடையாளம், அறுந்த இழையின் நுனி. அச்சுப் பல் தேய்ந்து இழை அறுந்தால் ஒன்றிரண்டுதான் அறும். நுனி பிசிறு பிசிறாக இருக்கும். அதுவும் அச்சுக்குக் கிட்டத்தில்தான் அறுந்திருக்கும். கரப்பான் மேய்ந்திருந்தால் கஞ்சி போன இடத்தில் இழை மங்கி மெலிந்திருக்கும், ஆனால் அறுந்திருக்காது. எலி கடித்திருந்தால் கொத்தாக, பக்கத்துப் பக்கத்து இழைகள் ஒரே வீச்சில் வெட்டியது போல் இருக்கும். அதுவும் பெரும்பாலும் சுருட்டி வைத்த பாவின் உள்மடிப்பில். தறி ஓட்டுகிறவர் கண்ணுக்கு எளிதில் படாத இடம் அது. அதனால்தான் காலையில் நாடாவைக் கையில் எடுக்கும் முன் சுருட்டின பாவை ஒரு தரம் தடவிப் பார் என்று சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்று சேலைக்கான பாவு தறியில் ஏறியிருந்தது. அரக்கு உடல், மாம்பழ நிறக் கரை. முதல் சேலை பாதி நெய்த நிலையில் பொங்கலுக்கு எல்லோரும் வெளியூர் போய்விட்டார்கள். திரும்பி வந்து பாவைப் பிரித்தபோது மடிப்புக்குள் ஒரு கைப்பிடி அளவுக்கு உருண்டையாக ஒரு கூடு. அரக்கும் மஞ்சளும் கலந்து, பஞ்சு போலக் கடித்து நைத்து, நடுவில் ஒரு குழிவு. அதற்குள் கண் திறக்காத சிவந்த குட்டிகள். ஜரிகையை மட்டும் தொடவில்லை. அதை ஒதுக்கி ஓரத்தில் தள்ளியிருந்தது. அறுந்த இழைகளைச் சேர்க்கத் தெருப் பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்தோம். ஒவ்வொரு இழையாக நிறம் பார்த்து, வரிசை பார்த்து, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு முறுக்கிப் பிணைக்க வேண்டும். வரிசை ஒன்று மாறினால் சேலையின் நீளம் முழுக்க ஒரு கோடு தெரியும். எவ்வளவு பார்த்துச் செய்தும் இரண்டாவது சேலையில் முடிச்சு தட்டியது. சேதாரம் கூலியில் கழிந்தது. எலிக்கு ஆகும் செலவை நெய்கிறவர்தான் கொடுக்க வேண்டும். காப்பீடு அது இது என்று எதுவும் அந்த நேரத்தில் கை கொடுக்காது.

சுண்டெலி சினையாகி மூன்று வாரத்துக்குள் குட்டி போடும். ஒரு ஈற்றில் ஐந்தாறு, எட்டு வரைக்கும்கூட. அந்தக் குட்டிகள் ஆறேழு வாரத்தில் தாங்களே குட்டி போடத் தயாராகிவிடும். நடமாட்டம் தெரிந்த அன்றே வேலையைத் தொடங்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

தடுப்பு வேலையை நான் கீழிருந்து மேலாகச் செய்வேன். முதலில் குழி. அந்தக் காலத்தில் மண்குழிதான், சாணம் மெழுகியிருக்கும். இப்போது பெரும்பாலும் சிமெண்ட் பூச்சு. இருந்தாலும் மிதிப் பலகை கட்டியிருக்கும் மூலையிலும், மழைக்காலத்தில் ஈரம் ஏறிப் பூச்சு உப்பிக்கொள்கிற இடத்திலும் விரிசல் விடும். அங்கே வெறும் சிமெண்ட் வைத்தால் காய்வதற்குள் எலி சுரண்டிவிடும். உடைந்த கண்ணாடிச் சில்லைப் பொடித்துச் சிமெண்டில் கலந்து அடைப்பது பெரியவர்கள் வழி. நான் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை முதலில் இறுக்கித் திணித்து, அதன் மேல் சிமெண்ட் பூசுகிறேன். எலியின் முன்பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கடித்துத் தேய்த்தபடியே இருக்கும். மரம், பிளாஸ்டிக், காய்ந்த சுண்ணாம்பு எதுவும் அதற்குப் பெரிதில்லை. கம்பி நாரில் பல் வைத்தால் மட்டும் விட்டுவிட்டுப் போய்விடுகிறது.

அடுத்தது வாசல். கதவுக்கும் தரைக்கும் நடுவில் உள்ள சந்துதான் பல வீடுகளில் பெரிய ராஜபாட்டை. கதவின் அடியில் ஒரு தகரப் பட்டை அடித்தால் செலவு குறைவு, பலன் அதிகம். சாக்கடைக் குழாய் வாயிலும் ஜன்னல் ஓரத்திலும் சின்னக் கண் வைத்த கம்பி வலை. மின்சார ஒயர் நுழையும் ஓட்டையையும் மறக்கக் கூடாது. ஒயரைக் கடித்து வைத்தால் வெறும் நூல் நஷ்டத்தோடு நிற்காது, பட்டும் மரமும் அட்டையும் நிறைந்த வீட்டில் ஒரு தீப்பொறி போதும்.

பிறகு பாவுக் கயிறு. நெய்யாத பாவைச் சுருட்டிக் கட்டித் தொங்கவிடும் கயிறு எலிக்கு ஏணி. தென்னை மரத்தில் எலி ஏறாமல் இருக்கத் தண்டைச் சுற்றித் தகரம் அடித்திருப்பதைத் தோப்புகளில் பார்த்திருப்பீர்கள். துறைமுகத்தில் கப்பலைக் கட்டும் கயிற்றிலும் வட்டத் தகடு மாட்டுவார்கள், கரை எலி கப்பலுக்குள் போகாமல் இருக்க. அதே வழியில் நாங்கள் எண்ணெய் டின்னின் மூடியை எடுத்து, நடுவில் துளை போட்டு, கயிற்றில் கோத்து மேலும் கீழும் முடிச்சுப் போட்டுவிடுகிறோம். எலி கயிற்றில் வந்து மூடியில் கால் வைக்கும். மூடி ஆடும், வழுக்கும். அது திரும்பிப் போகும். ஓரத்தை மட்டும் மடித்துத் தட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் நம் கையையே கிழிக்கும்.

மேலே பரண். மல்லாட்டை மூட்டையைத் தறி இருக்கும் கூடத்தில் வைக்கவே கூடாது. இடமில்லை என்பது எனக்கும் தெரியும். அப்படியானால் மூடி இறுகிய தகர டிரம்மில் கொட்டி வையுங்கள். சாக்குப் பை எலிக்குக் கதவே இல்லாத கடை. கஞ்சிப் பாத்திரத்தையும் கஞ்சி தோய்ந்த துணியையும் அன்றன்றே அலசிக் கவிழ்க்க வேண்டும். தறியில் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்த முடியாவிட்டால், தறி நிறுத்தியதும் குழிக்குள் இறங்கிப் பெருக்க வேண்டும். கழிவு நூலை மூலையில் குவித்து வைக்காமல் மூடி போட்ட டப்பாவில் போட வேண்டும். சாயங்காலம் இந்த வேலைக்கு ஆகும் நேரம், ஒரு தார் சுற்றும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

இவ்வளவும் செய்த பிறகும் உள்ளே இருப்பதைப் பிடிக்கத்தான் பொறி. சுண்டெலிக்கும் வீட்டெலிக்கும் குணம் வேறு. வீட்டெலி புதுப் பொருளைக் கண்டால் ஒதுங்கிப் போகும். அதற்குப் பொறியை இரண்டு மூன்று நாள் விசை போடாமல் தீனி மட்டும் வைத்துப் பழக்க வேண்டும். சுண்டெலி நேர்மாறு. புதிதாக எதைப் பார்த்தாலும் முகர்ந்து பார்க்க வரும். முதல் ராத்திரியே விழும். அதனால் முதல் ராத்திரியே நிறையப் பொறிகளை, ஏழெட்டு அடிக்கு ஒன்றாக, சுவரை ஒட்டி, தீனி இருக்கும் பக்கம் சுவரைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். நடுக்கூடத்தில் வைத்த பொறியில் அது விழாது, அதன் வழி அங்கே இல்லை.

தீனிக்கு வடை, கருவாடு, சுட்ட தேங்காய் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். வறுத்த மல்லாட்டையை நசுக்கி வைத்தால் நன்றாக வரும். ஆனால் எங்கள் வீட்டுப் பொறியில் நாங்கள் வைப்பது கழிவுப் பட்டு நூல். ஒரு முழ நூலைப் பிசிறாக்கி, விசைக் கொக்கியில் இறுக்கிக் கட்டிவிடுவோம். தீனியை நக்கி எடுத்துக்கொண்டு தப்பிக்கிற எலி உண்டு. நூலை அப்படி எடுக்க முடியாது. இழுத்துத்தான் ஆக வேண்டும், இழுத்தால் விசை விழும். அதிலும் குட்டி போடும் நிலையில் இருக்கும் பெண் எலி நூலைத் தேடி அதிகமாக வரும். அதைப் பிடித்தால் ஒரு கூட்டமே நின்றுபோகும். என் மாமியாரிடம் கற்றதில் நான் அதிகம் பேருக்குச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

ஒட்டு அட்டையைத் தறி வீட்டில் வைக்கவே வேண்டாம். பறந்து வரும் ஒரு நூல் பட்டாலும் பிசினோடு வரும், அதைப் பட்டிலிருந்து எடுக்க முடியாது. பல்லியும் மூஞ்சூறும் அதில் மாட்டி நாள்கணக்கில் துடித்துச் சாகும். அந்தப் பாவம் நமக்கு வேண்டாம். அந்துருண்டைக்கு எலி போகாது, வாசனைதான் சேலையில் ஏறும்.

மருந்து வைப்பதை நான் முற்றாக எதிர்க்கிறேன். மருந்து தின்ற எலி எங்கே போய்ச் சாகும் என்று நம்மால் சொல்ல முடியாது. சுவருக்குள், பரணுக்குள், சுருட்டிய பாவுக்குள்ளேயே சாகும். அந்த நாற்றமும் கசிவும் பட்டில் ஏறினால் மொத்தமும் போச்சு. அது பணக் கணக்கு. பெரிய கணக்கு வேறு. தறிக்கு அடியில்தான் நம் பிள்ளைகள் தவழ்கிறார்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசை கல்லீரலை அழிக்கும், அதற்கு முறிவு மருந்து கிடையாது. தமிழ்நாட்டில் அதற்குத் தடை போட்டது எத்தனையோ உயிர் போன பிறகுதான். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டில் எலிக்கு மருந்து வைத்திருந்த நிலையில் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோன செய்தியை நாம் எல்லோரும் படித்தோம். ஒரே கூடத்தில் உண்டு, உறங்கி, நெய்கிற நமக்கு அந்தச் செய்தி சொல்வது ஒன்றுதான். விஷத்தை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

பூனை நல்ல துணை. ஆனால் பாவின் மேல் தாவி நகம் போடும், அதனால் ராத்திரி தறிக்கூடத்துக்கு வெளியே, பரணிலும் வாசலிலும் இருக்கட்டும். எலி நடமாட்டம் அதிகமானால் அதன் வாசனை பிடித்துப் பாம்பு வரும் என்பதையும் மறக்கக் கூடாது. இருட்டில் குழிக்குள் காலை விடும் தொழில் நம்முடையது. காலையில் விளக்கைப் போட்டு, மிதியை ஒரு கழியால் தட்டிவிட்டு இறங்குவது எங்கள் வீட்டு வழக்கம்.

புழுக்கையைச் சுத்தம் செய்யும்போது காய்ந்ததைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூசி மூக்கில் ஏறும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, கையில் உறையோ பாலித்தீன் பையோ மாட்டிக்கொண்டு துணியால் துடைத்தெடுங்கள். பாவும் நூலும் இருந்தால் முதலில் அவற்றை அப்பால் எடுத்து வைத்துவிட வேண்டும். பிளீச்சிங் ஒரு சொட்டுப் பட்டாலும் பட்டு வீணாகும். மழையில் குழிக்குள் தண்ணீர் ஊறினால் வெறுங்காலோடு இறங்கக் கூடாது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள புண் வழியாக உள்ளே போனால் எலிக்காய்ச்சல் வரும். மழைக்காலத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால், குழித் தண்ணீரில் இறங்கியதை டாக்டரிடம் சொல்லுங்கள். அது தெரிந்தால் அவர் சீக்கிரம் கண்டுபிடிப்பார்.

இவ்வளவையும் ஒரு வீடு தனியாகச் செய்து ஜெயிக்க முடியாது என்பதை இப்போதுதான் அதிகமாக உணர்கிறேன். முன்பு தெருவில் எல்லா வீட்டிலும் தறி ஓடும். விடியற்காலையிலிருந்து நாடாச் சத்தமும் மிதிச் சத்தமும் அதிர்ந்துகொண்டே இருக்கும். தினமும் ஆள் இறங்கிப் பெருக்கும் குழியில் எலி நிலைத்துக் குடியிருப்பது கடினம். இன்று பிள்ளைகள் செய்யாறு சிப்காட்டுக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், கூலி அப்படி. ஆனால் நின்றுபோன தறியை அப்படியே விட்டுவிட்டுக் கதவைப் பூட்டுகிறார்கள். குழிக்குள் பழைய விழுது, கஞ்சி தோய்ந்த கந்தல், அட்டைக் கட்டு எல்லாம் கிடக்கும். ஆளில்லாத அந்தக் குழியில் பெருகும் எலி பக்கத்தில் ஓடுகிற தறிக்குத்தான் வரும். ஒரு சுவர்தான் நடுவில் இருக்கிறது.

அதனால் பூட்டிய வீட்டுக்காரர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். தறியை விற்றாலும் விற்காவிட்டாலும், குழியைக் காலி செய்து மண் போட்டு மூடுங்கள், அல்லது பலகை போட்டு அடைத்துச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள், மாசம் ஒரு தரம் நாங்கள் திறந்து பெருக்கிவிடுகிறோம். தறி ஓட்டுகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஐப்பசி மழை தொடங்கினால் வயல் வளைகளில் தண்ணீர் புகுந்து எலி வீட்டைத் தேடி வரும். அந்த மழையில்தான் பாவு காயாமல், தறி ஓடாமல், நூல் நாள்கணக்கில் வீட்டுக்குள் கிடக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் வருவதால் புரட்டாசியிலேயே ஒரு நாள் தெரு முழுக்கச் சேர்ந்து இந்த வேலையைச் செய்துவிட வேண்டும். ஒரு மூட்டை சிமெண்ட், கொஞ்சம் கம்பி நார், கதவுக்குத் தகரம் எல்லாவற்றையும் பொதுவில் வாங்கினால் வீட்டுக்கு ஆகும் செலவு, பாவு போனால் கழிகிற கூலியோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை. எங்கள் தெருவில் போன வருஷம் தொடங்கிவிட்டோம். மற்ற தெருக்களும் இந்தப் புரட்டாசிக்குள் உட்கார்ந்து பேச வேண்டும்.